அப்பா பேரில் பாதி: கென் சாரோ-விவாவும் அவர் பிள்ளைகளும்

இந்த வாரம் என் சொந்தக் கதையில இருந்து ஒரு சின்ன விஷயத்தோட ஆரம்பிக்கிறேன்.

பாஸ்போர்ட் எடுக்கும்போது இனிஷியலை விரிச்சு எழுதச் சொன்னாங்க. எழுதினேன். அன்னியில இருந்து ஆபீஸ் மெயில் ஐடி, கழுத்துல தொங்குற ஐடி கார்டு, வெளிநாட்டு கிளையன்ட் கால், எல்லாத்துலயும் நான் எங்கப்பாவா ஆயிட்டேன். முதல் வாரம் மீட்டிங்ல யாரைக் கூப்பிடறாங்கன்னே புரியல. இப்ப அப்பா பேரைச் சொன்னா நானே மைக்கை ஆன் பண்ணிடறேன். கேக்கறவங்கள்ல பாதிப் பேருக்கு இந்த அனுபவம் இருக்கும்னு நினைக்கிறேன்.

இன்னிக்கு நாம பேசப்போற மனுஷருக்கு இதே பிரச்சினை, ஆனா ரொம்பக் கனமானது. அவருக்கும் அவர் அப்பாவுக்கும் ஒரே பேர்: கென் சாரோ-விவா. அப்பா நைஜீரியாவின் எழுத்தாளர், நாடகக்காரர், ஒரு மக்கள் இயக்கத்தின் தலைவர். 1995 நவம்பர் 10 அன்று நைஜீரிய ராணுவ அரசு அவரைத் தூக்கிலிட்டது. மகனுக்கு அப்போ வயசு 26. எனக்கு இப்ப 28. இந்த எபிசோடுக்காகப் படிச்ச நாள் முழுக்க அந்த எண் என்னை விடவே இல்லை.

வரலாற்றுல கலகக்காரங்களைப் பத்தி நிறைய பேசறோம். அவங்க வீட்டுல வளர்ந்த பிள்ளைங்களைப் பத்திப் பேசறது குறைவு. இன்னிக்கு அவங்களைப் பத்திப் பேசலாம்.

எழுதின ஆள்

முதல்ல அப்பா. கென் சாரோ-விவா 1941-ல் நைஜீரியாவின் தென்கோடியில், நைஜர் ஆற்றுக் கழிமுகத்தில், ஒகோனி என்ற சின்ன இனத்தில் பிறந்தவர். 1990-களில் ஒகோனி மக்கள் சுமார் 5 லட்சம் பேர். நைஜீரியா மாதிரி ஒரு நாட்டில் அது ஒரு ஓரத்து எண். ஓட்டுக் கணக்குல கூட யாரும் கவலைப்படாத எண்.

ஆனா அவங்க நிலத்துக்கு அடியில எண்ணெய் இருந்தது. 1958-ல் ஷெல் நிறுவனம் அங்கே எண்ணெய் எடுக்க ஆரம்பிச்சுது. அதுக்கப்புறம் நடந்ததைச் சுருக்கமா சொன்னா: பைப்லைன்கள் வயல் நடுவுல, வீட்டு வாசல் பக்கத்துல ஓடின. அதில் இருந்து கசிந்த எண்ணெய் மண்ணிலும் ஓடையிலும் கலந்தது. எண்ணெயோட வெளிவர்ற வாயுவை அங்கேயே கொளுத்தி விட்டாங்க. இரவும் பகலும் எரிந்தது. ஒகோனிக்காரங்க விவசாயமும் மீன்பிடியும் செஞ்சு பிழைக்கிறவங்க. எண்ணெய்ப் பணம் தலைநகருக்குப் போச்சு, எண்ணெய்க் கறை மட்டும் ஊரிலேயே தங்கிடுச்சு.

இந்த இடத்துல ஒண்ணு கவனிக்கணும். சாரோ-விவா பிறக்கும்போதே கலகக்காரர் இல்லை. 1967-ல் பியாஃப்ரா தனி நாடாகப் பிரிஞ்சு உள்நாட்டுப் போர் வந்தப்ப, அவர் மத்திய அரசின் பக்கம் நின்றார். பானி என்ற எண்ணெய்த் துறைமுகத்துக்கு நிர்வாகியாகவே இருந்தார். பிறகு மாநில அரசில் பதவி. ஒகோனிகளுக்கு அதிகாரம் வேணும்னு பேச ஆரம்பிச்சதும் 1973-ல் பதவி போச்சு. அப்புறம் வியாபாரம், ரியல் எஸ்டேட். அதுல வந்த பணத்துல எழுத்து.

1985-ல் வந்த அவரோட 'சோஸாபாய்' நாவல் போருக்குப் போற ஒரு கிராமத்துப் பையனோட கதை. அதை அவர் இலக்கண சுத்தமான ஆங்கிலத்தில் எழுதலை. தெருவில் பேசற, உடைஞ்ச ஆங்கிலத்துல எழுதி, அட்டையிலேயே இது 'அழுகிப்போன ஆங்கிலம்'னு போட்டுக்கிட்டார். அதே காலகட்டத்துல 'பாஸி அண்ட் கம்பெனி'ன்னு ஒரு டிவி நகைச்சுவைத் தொடர். வேலை செய்யாம கோடீஸ்வரன் ஆகத் துடிக்கிற ஒருத்தனை வெச்சு, எண்ணெய்ப் பணத்துல மயங்கிக் கிடந்த நாட்டையே கிண்டல் பண்ணின தொடர். வாராவாரம் 3 கோடிப் பேர் பார்த்ததா சொல்வாங்க. அதாவது, தூக்கு மேடைக்குப் போனது ஊருக்குத் தெரியாத ஒரு அறிவுஜீவி இல்லை. நாடே பார்த்துச் சிரிச்ச சீரியலை எழுதினவர்.

1990-ல் ஒகோனி மக்கள் பிழைப்பு இயக்கம் தொடங்குது. அதுக்கு முன்னணியில அவர். எண்ணெய் வருமானத்தில் நியாயமான பங்கு, சுற்றுச்சூழலுக்குப் பாதுகாப்பு, சொந்த விஷயங்களைத் தாங்களே தீர்மானிக்கிற உரிமைன்னு கேட்டு ஒரு உரிமைச் சாசனம் வெளியிட்டாங்க. 1993 ஜனவரி 4 அன்று நடந்த ஊர்வலத்தில் 3 லட்சம் பேர் வந்ததா இயக்கம் கணக்கு சொன்னது. மொத்த ஜனத்தொகையே 5 லட்சம்னு முன்னாடி சொன்னேன் இல்லையா? யோசிச்சுப் பாருங்க. அந்த வருஷமே ஷெல் ஒகோனியை விட்டு வெளியேறியது. அதுக்கப்புறம் அங்க உற்பத்தி செய்யலை. ஆனா பைப்லைன்கள் அப்படியே இருந்தன.

வீட்டில் இல்லாத ஆள்

இப்ப பிள்ளைகள் பக்கம் வருவோம்.

சாரோ-விவா தன் மனைவியையும் பிள்ளைகளையும் இங்கிலாந்துல குடியேத்தினார். பிள்ளைங்களுக்கு அங்கே விலையுயர்ந்த போர்டிங் பள்ளிகள். ஒகோனி நிலத்துக்காகப் போராடின அப்பா, பிள்ளைங்களை ஆங்கிலேய மேல்தட்டுப் பள்ளிகள்ல படிக்க வெச்சார். நல்லாப் படிச்சுட்டு வந்து ஊருக்கு உழைக்கணும்ங்கிறது அவரோட திட்டம். அவரே நைஜீரியாவில்தான் இருந்தார். கோடை விடுமுறைக்குப் பிள்ளைங்க நைஜீரியா வரணும், அது கட்டாயம்.

மூத்த மகன் கென் ஜூனியர் பின்னாளில் 2000-ல் ஒரு புத்தகம் எழுதினார். 'ஒரு புனிதரின் நிழலில்'னு தலைப்பைத் தமிழாக்கலாம். அதுல அப்பாவைப் பூஜை பண்ணலை. அப்பா எப்பவும் வெளியூர்ல இருந்ததையும், வீட்டுக்குத் தெரியாம அவருக்கு இன்னொரு குடும்பம் இருந்ததையும், அது அம்மாவுக்கும் பிள்ளைங்களுக்கும் கொடுத்த வலியையும் எழுதினார். உலகமே தியாகின்னு கொண்டாடிட்டு இருந்தப்ப, வெறும் அஞ்சு வருஷம் கழிச்சு, இதை எழுதறது லேசான காரியம் இல்லை.

1993-ல் இன்னொரு அடி. 14 வயசு இளைய மகன் ஒருவன் ஈட்டன் பள்ளியில் ரக்பி விளையாடிக்கொண்டிருந்தபோது திடீர்னு இறந்து போனான். இயக்கத்தின் மிகப்பெரிய ஊர்வலம் நடந்த அதே வருஷம்.

மகன் இருபதுகள்ல ஒரு முடிவு எடுத்தார். பேர்ல இருந்து 'சாரோ'வை எடுத்துட்டு வெறும் கென் விவா ஆனார். 'விவா' தாத்தாவோட பேர். தாத்தாவை வெச்சுக்கிட்டு அப்பாவைக் கழிச்சுட்டார்னு சொல்லலாம். அப்பா மேல வெறுப்புன்னு மட்டும் இதைப் படிக்கக் கூடாது. ஒரே பேர்ல ரெண்டு பேர் இருக்கும்போது, பெரியவர் வெளிச்சத்துல சின்னவருக்கு உருவமே தெரியறதில்லை. தனக்குன்னு ஒரு ஓரம் வேணும்னு அவர் கேட்டார், அவ்வளவுதான்.

எங்கப்பா பெரிய போராளி எல்லாம் இல்லை. வேலை பார்த்த இடத்தில் சங்கப் பொறுப்புல இருந்தார். ஞாயிற்றுக்கிழமைன்னா கூட்டம். ஏழாவது படிக்கும்போது ஆண்டு விழாவுல எனக்கு ஒரு பரிசு. அப்பா வரலை. யாருக்கோ சஸ்பென்ஷனை ரத்து பண்ண வைக்க ஓடிட்டு இருந்தார். அந்த ஆள் வீட்டுல அன்னிக்கு ராத்திரி நிம்மதியாத் தூங்கியிருப்பாங்கன்னு இப்ப புரியுது. ஏழாவது படிக்கிற பையனுக்கு அது புரியணும்னு எந்தக் கட்டாயமும் இல்லை. கென் விவாவோட கோபத்தைப் படிச்சப்ப எனக்கு அந்த மேடைதான் ஞாபகம் வந்தது.

ஆக்லாந்து

1994 மே 21 அன்று ஒகோனி மூத்தவர்கள் நாலு பேர் ஒரு கும்பலால் கொல்லப்பட்டாங்க. இயக்கத்துக்குள்ளேயே இருந்த கருத்து வேறுபாட்டுல சாரோ-விவாவுக்கு எதிர்ப்பக்கம் நின்னவங்க அவங்க. அந்த இடத்துல அவர் இல்லை. இருந்தும், கொலையைத் தூண்டினார்னு மறுநாளே அவரைக் கைது செஞ்சாங்க. ஜெனரல் சானி அபாச்சாவோட ஆட்சி. சாதாரண நீதிமன்றம் இல்லை. மேல்முறையீட்டுக்கு வழியில்லாத சிறப்புத் தீர்ப்பாயம். நடைமுறை நியாயமா இல்லைன்னு அவரோட வழக்கறிஞர்கள் பாதியிலேயே விலகினாங்க. பொய் சொல்ல லஞ்சம் கொடுத்தாங்கன்னு அரசுத் தரப்பு சாட்சிகள் ரெண்டு பேர் பின்னாடி உறுதிமொழிப் பத்திரம் கொடுத்தாங்க.

அந்த நாலு பேரைப் பத்தியும் ஒரு வார்த்தை சொல்லியே ஆகணும். அவங்களுக்கும் பிள்ளைங்க இருந்தாங்க. அவங்க வீட்டுலயும் அப்பா திரும்பி வரலை. உலகம் ஒன்பது பேரை நினைவு வெச்சிருக்கு. இந்த நாலு பேரை அந்த அளவுக்கு வெச்சிருக்கலை. ஒகோனிக்குள்ள அந்தக் காயம் தனியா இருந்தது.

சிறையில் அப்பா. வெளியில், பேரை மாத்திக்கிட்டு தன் வாழ்க்கையைப் பார்த்துக்கலாம்னு இருந்த மகன். இப்ப அப்பாவுக்காக உலகம் முழுக்கக் கதவு தட்ட வேண்டிய ஆள் அவர்தான். 1995 நவம்பரில் நியூசிலாந்தின் ஆக்லாந்தில் காமன்வெல்த் நாட்டுத் தலைவர்கள் கூடினாங்க. நெல்சன் மண்டேலா உட்பட பலரும் வந்த மாநாடு. கென் விவா அங்கே போய், அப்பாவைக் காப்பாத்துங்கன்னு ஒவ்வொரு தரப்பையும் பார்த்துப் பேசினார். இத்தனை தலைவர்கள் கூடியிருக்கும்போது அபாச்சா துணிய மாட்டார்னு பலரும் நம்பினாங்க.

நவம்பர் 10 அன்று போர்ட் ஹார்கோர்ட் சிறையில் சாரோ-விவாவையும் அவரோட எட்டுப் பேரையும் தூக்கிலிட்டாங்க. மகன் ஆக்லாந்துல இருக்கும்போதே செய்தி வந்தது. காமன்வெல்த் நைஜீரியாவை இடைநீக்கம் செஞ்சுது. உயிர் போன பிறகு.

சாரோ-விவா 1989-ல் ஒரு சிறுகதை எழுதியிருந்தார். மரண தண்டனைக் கைதி ஒருத்தன், தண்டனைக்கு முந்தின ராத்திரி, தன் பழைய காதலிக்கு எழுதற கடிதம்தான் மொத்தக் கதையும். ஆறு வருஷம் முன்னாடியே எழுதினது. அதை ஒரு மகன் அப்புறம் எப்படிப் படிச்சிருப்பார்னு என்னால யோசிக்கக்கூட முடியலை.

மூணு பிள்ளைகள், மூணு வழி

நம்ம ஃபீல்டுல 'லெகசி'ன்னா என்னன்னு உங்களுக்குத் தெரியும். எழுதின ஆள் போயிட்டார். டாக்குமென்டேஷன் கிடையாது. நிறுத்தவும் முடியாது, நிறைய பேர் அதை நம்பி இருக்காங்க. சிஸ்டம் உங்க பேருக்கு மாறியிருக்கு. உங்களை யாரும் கேக்கலை. சாரோ-விவாவோட பிள்ளைங்களுக்கு வந்தது அந்த மாதிரி ஒரு சொத்து. அவங்கள்ல மூணு பேர் என்ன செஞ்சாங்கன்னு பார்க்கலாம்.

கென் விவா முதல்ல பதிலைத் தேடி வெளியே போனார். தன்னை மாதிரியே பெரிய பேருக்குப் பிறந்தவங்களைப் போய்ச் சந்திச்சார்: தென்னாப்பிரிக்காவில் போலீஸ் காவலில் கொல்லப்பட்ட ஸ்டீவ் பிகோவின் மகன், மண்டேலாவின் மகள் ஸிண்ட்ஸி, பர்மாவின் விடுதலைத் தலைவர் ஆங் சானின் மகள் ஆங் சான் சூச்சி. அவரோட புத்தகத்துல என்னை ரொம்பத் தொட்ட பகுதி இதுதான். ஒரு பிரச்சினைக்கு விடை தெரியலைன்னா, அதே பிரச்சினை வந்தவங்ககிட்ட போய்க் கேக்கறது. நாம ஃபோரம்ல தேடற மாதிரி, இவர் கண்டம் தாண்டிப் போய்த் தேடினார்.

அப்புறம் கனடாவில் பத்திரிகைப் பத்தி எழுத்தாளர். 2006 வாக்குல நைஜீரியாவுக்கே திரும்பி, அடுத்தடுத்து வந்த ஜனாதிபதிகளுக்கு உதவியாளரா வேலை பார்த்தார். அப்பாவைக் கொன்ன அரசு இயந்திரத்துக்குள்ளேயே போய் உட்கார்ந்தார். சிலருக்கு இது சமரசம். ஆனா மறந்துடாதீங்க, அப்பாவும் ஒரு காலத்தில் அரசு நிர்வாகிதான். உள்ளே இருந்து மாத்த முடியுமான்னு முதல்ல பார்த்தவர்தான்.

இதுக்கு நடுவுல வழக்கு. 1996-ல் குடும்பமும் மற்ற பாதிக்கப்பட்டவங்களும் ஷெல் மேல நியூயார்க்கில் வழக்குப் போட்டாங்க. 13 வருஷம் இழுத்தது. 2009 ஜூனில், விசாரணை தொடங்க இருந்த நேரத்தில், ஷெல் 1 கோடியே 55 லட்சம் டாலர் கொடுக்கச் சம்மதிச்சுது. தப்புன்னு ஒத்துக்கலை, மனிதாபிமான அடிப்படைன்னு சொன்னாங்க. அந்தப் பணத்துல ஒரு பகுதி ஒகோனி மக்களுக்கான அறக்கட்டளைக்குப் போச்சு. ஆனா நீதிமன்றத்துல எல்லாரும் கேக்கற மாதிரி ஆதாரங்களை எடுத்து வைக்கிற நாள் வரவே இல்லை. 13 வருஷம் காத்திருந்த பிள்ளைக்கு அந்தச் சமரசம் வெற்றியா தோல்வியா? ரெண்டும்னுதான் எனக்குத் தோணுது.

மகள் நூ சாரோ-விவா 1976-ல் பிறந்தவர். அப்பா இறந்தப்ப 19 வயசு. சின்ன வயசு கோடை விடுமுறைகள்ல நைஜீரியான்னாலே அவருக்குக் கசப்பு: வெயில், கரண்ட் கட், ஊர். அப்பா கொல்லப்பட்ட பிறகு அது அப்பாவைத் தின்ன நாடு. பல வருஷம் சடங்குகளுக்குத் தவிர அவர் அங்கே போகலை. அப்புறம் ஒரு நாள், பயணக் கட்டுரை எழுதறவரா, ஒரு டூரிஸ்ட் மாதிரி நைஜீரியா முழுக்கச் சுத்திப் பார்க்கலாம்னு கிளம்பினார். லாகோஸ் பஸ் நெரிசல், வடக்கின் பழைய நகரங்கள், இபாதான்ல டிரான்ஸ்வொண்டர்லேண்ட்னு ஒரு பாழடைஞ்ச கேளிக்கைப் பூங்கா. அந்தப் பூங்கா பேரையே தலைப்புல வெச்சு 2012-ல் புத்தகம் வந்தது. நாட்டைத் திட்டறார், சிரிக்கிறார், கொஞ்சம் கொஞ்சமா நெருங்கறார். அப்பாவோட போராட்டத்தைத் தோள்ல ஏத்திக்கலை. அப்பாவோட நாட்டைத் தன் கண்ணால பார்க்கிற உரிமையை எடுத்துக்கிட்டார்.

நூவோட இரட்டைச் சகோதரி ஸீனா கலைஞர். போர்ட் ஹார்கோர்ட்ல அப்பாவோட பழைய அலுவலகத்துலயே ஒரு கலைக்கூடம் ஆரம்பிச்சார். 2015-ல் அவர் செஞ்ச ஒரு வீடியோ படைப்புல, ஒகோனி முகமூடி ஆட்டக்காரங்க, கைவிடப்பட்ட எண்ணெய்க் குழாய்கள் கிடக்கிற நிலத்துல ஆடறாங்க. உலகத்துக்கு ஒகோனின்னா எண்ணெய்க் கறை படிஞ்ச ஃபோட்டோ மட்டும்தான். அங்கே பாட்டு இருக்கு, ஆட்டம் இருக்கு, சாப்பாடு இருக்குன்னு காட்டறார். அப்பா ஒகோனியைக் காப்பாத்தப் பேசினார். மகள் அங்கே காப்பாத்த என்ன இருக்குன்னு காட்டறார்.

மூணு பேர்ல யார் 'சரியான' வாரிசுன்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியாது. அந்தக் கேள்வியே தப்புன்னு நினைக்கிறேன்.

மண்ணும் மன்னிப்பும்

2011-ல் ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு ஒகோனி நிலத்தைப் பரிசோதிச்சு அறிக்கை கொடுத்தது. ஒரு ஊரில் மக்கள் குடிச்சுட்டு இருந்த கிணத்துத் தண்ணியில, புற்றுநோய் தரக்கூடிய பென்சீன், உலக சுகாதார நிறுவன வரம்பைவிட 900 மடங்குக்கு மேல இருந்தது. நிலத்தடி நீர் மேல 8 சென்டிமீட்டர் தடிமனுக்கு எண்ணெய் மிதந்த இடமும் இருந்தது. முழுசா சுத்தம் பண்ண 25-லிருந்து 30 வருஷம் ஆகலாம்னு சொன்னாங்க. ஷெல் எண்ணெய் எடுக்கிறதை நிறுத்தி 18 வருஷம் கழிச்சு வந்த அறிக்கை இது. அந்த அப்பா மிகைப்படுத்தலைன்னு அறிவியல் சொன்ன நாள்.

சுத்தம் செய்யும் வேலையை நைஜீரிய அரசு 2016 ஜூனில்தான் தொடங்கி வைத்தது. அதுக்காகப் பேசினவங்கள்ல கென் விவாவும் ஒருத்தர். அதே வருஷம் அக்டோபர்ல, லண்டன்ல, பக்கவாதத்தால இறந்துட்டார். வயசு 47. அப்பா இறந்தப்ப அவருக்கு வயசு 54. அந்த வயசைக்கூட மகன் எட்டலை. இரங்கல் செய்திகள்ல அவரை அறிமுகப்படுத்த உலகம் பயன்படுத்தின வார்த்தை என்ன தெரியுமா? 'கென் சாரோ-விவாவின் மகன்'.

2025 ஜூன் 12 அன்று நைஜீரிய ஜனாதிபதி போலா டினுபு, தூக்கிலிடப்பட்ட ஒன்பது பேருக்கும் மன்னிப்பு அறிவிச்சார். தேசிய விருதும் கொடுத்தார். கேக்க நல்லா இருக்கு. ஆனா 'மன்னிப்பு'ங்கிற வார்த்தையைக் கொஞ்சம் பாருங்க. தப்பு செஞ்சவனைத்தானே மன்னிப்பாங்க? குற்றவாளிகள் இல்லைன்னு தீர்ப்பை ரத்து பண்ணுங்கன்னுதான் ஒகோனி ஆதரவாளர்கள் கேக்கறாங்க. இன்னொரு பக்கம், ஒகோனியில் மறுபடியும் எண்ணெய் எடுக்கறதைப் பத்தின பேச்சும் அதே நேரத்துல நடக்குது. மன்னிப்பையும் அந்தப் பேச்சையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்க்கிறவங்களை நாம குறை சொல்ல முடியாது.

முடிக்கிறதுக்கு முன்னாடி ஒரு பஸ் கதை. சாரோ-விவா நினைவா, நைஜீரிய வம்சாவளிச் சிற்பி சோகாரி டக்ளஸ் கேம்ப், 2006-ல் லண்டன்ல எஃகுல ஒரு முழு பஸ் சிற்பம் செஞ்சார். மேல எண்ணெய் பீப்பாய்கள், பக்கவாட்டுல சாரோ-விவாவோட வார்த்தைகள். 20-ஆவது நினைவு நாளுக்காக 2015-ல் அதைக் கப்பல்ல நைஜீரியாவுக்கு அனுப்பினாங்க. லாகோஸ் துறைமுகத்துல சுங்க அதிகாரிகள் பறிமுதல் பண்ணிட்டாங்க. ஆள் செத்து 20 வருஷம் ஆச்சு. ஓடாத பஸ் அது. அதுக்கும் ஊருக்குள்ள போக அனுமதி கிடைக்கலை.

எங்கப்பாகிட்ட அந்த ஆண்டு விழாவைப் பத்தி நான் இதுவரைக்கும் கேட்டதில்லை. அன்னிக்கு யாருக்காக ஓடினார், அந்த ஆளுக்கு வேலை திரும்பக் கிடைச்சுதா, எதுவும் தெரியாது. சாரோ-விவாவோட பிள்ளைங்க தங்கள் கேள்விகளை எல்லாம் அப்பா போன பிறகு, புத்தகத்துலதான் கேக்க முடிஞ்சுது. எங்கப்பா பக்கத்து ரூம்ல நியூஸ் பார்த்துட்டு இருக்கார். இந்த ரெக்கார்டிங்கை முடிச்சுட்டு, முதல் வேலையா அதைக் கேக்கப் போறேன்.

அடுத்த வாரம் பார்க்கலாம்.